ஒட்டும் சொல்லும் முந்தும் சொல்லும்

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு அம்மொழியின் பெருஞ்சொற்கள் அத்துணைத் தொல்லை தருவதில்லை. வீடு, கடல், ரொட்டி, குதிரை என்பனவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அவற்றினிடையே ஓரசையாய் நின்று, ‘என்னை’, ‘உனக்கு’, ‘அதை’, ‘அவனுக்கு’ எனப் பொருள்படும் குறுஞ்சொற்களே மாணாக்கரின் பொறுமையைச் சோதிப்பவை. ஸ்பானிய மொழியைக் கற்ற காலத்தில் இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கிற்று. அம்மொழியில் ‘மெ’, ‘தெ’, ‘லோ’, ‘லா’, ‘லெ’, ‘நோஸ்’ என்றாற்போல் வரும் இம்மூவிடப் பெயர்கள் ஒலிப்பதற்கு எளியன. ஆனால் வாக்கியத்தில் எங்கே நிற்பது என்பதில் அவை விட்டுக்கொடுப்பதே இல்லை. ஏவலென்றால் ஓரிடம்; விலக்கென்றால் வேறிடம்; ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்றாலோ ஈரிடம். இவ்வொழுங்கை நான் ஆங்கிலத்தின் வழியாக அன்றி, தமிழின் வழியாகவும் சிறிது அரபின் வழியாகவும் புரிந்துகொண்ட கதையே இக்கட்டுரை.

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு ஸ்பானியம் எதற்கு என வினவிய நண்பர் பலர். என்னை ஈர்த்தது வரலாறு. கி.பி. 711இல் தொடங்கி 1492இல் கிரானடாவின் வீழ்ச்சியோடு முடிவுற்ற அந்தலூஸின் முஸ்லிம் ஆட்சியை நாம் அனைவரும் அறிவோம். அதற்குப் பின் அங்கேயே தங்கியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கட்டாயத்தின் பேரில் மதம் மாற்றப்பட்டு ‘மொரிஸ்கோ’ எனப் பெயரிடப்பட்ட அவர்களுக்கு 1567இல் அரபு மொழி தடை செய்யப்பட்டது. 1609 முதல் 1614 வரை அவர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு சாரார், குறிப்பாக அரகோன் பகுதியினர், பேச்சில் அரபை இழந்த பின்னும் எழுத்தை விடவில்லை. தாம் பேசிய ஸ்பானியத்தை அரபு எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்து முறைக்கு ‘அல்ஹமியாதோ’ என்று பெயர். 1884ஆம் ஆண்டு அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த இத்தகைய கையெழுத்துச் சுவடிகள் பல வெளிப்பட்டன. அரபுத்தமிழ் ஏடுகளைப் பாட்டியார் பெட்டியில் கண்டு வளர்ந்த எவரும் இச்செய்தியைப் படித்துவிட்டு வாளாவிருத்தல் அரிது. அம்மக்கள் எழுதிய மொழியை ஒரு வரியேனும் படித்தறிய வேண்டும் என்ற ஆவலே என்னை ஸ்பானிய இலக்கணத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது.

கற்றது எனக்கு மட்டும் பயன்படும் என்றே எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்குமுன் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். தமிழ் வழியில் பயின்று பட்டம் பெற்றவர். சிறு வயதில் மதரஸாவில் அரபு இலக்கணம் ஓரளவு ஓதியவர். பனாமா நாட்டில் உறவினர் ஒருவரின் கடையில் அவருக்கு வேலை காத்திருந்தது; ஸ்பானியம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நகரத்துப் பயிற்சிக் கூடமொன்றில் சென்று கேட்டபோது, “முதலில் ஆங்கிலத்தைச் சரளமாக்கிக்கொண்டு வாருங்கள்; ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகத்தான் கற்க முடியும்” என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனராம். “ஐயா, அது உண்மையா?” என்று அவர் கேட்ட குரலில் வருத்தத்தைக் காட்டிலும் வெட்கமே மிகுந்திருந்தது. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் எத்துணைப் பேருக்கு இவ்வெட்கத்தை நாம் சுமத்தி வைத்திருக்கிறோம்! “உண்மையன்று தம்பி, நாளை மாலை வாருங்கள்” என்றேன்.

மறுநாள் மாலை இக்குறுஞ்சொற்களில் இருந்தே தொடங்கினேன். ஆங்கிலத்தில் ‘ஹிம்’ என்னும் ஒரே சொல், ‘அவனைக் கண்டேன்’ என்னுமிடத்தும் வரும். ‘அவனுக்குக் கொடுத்தேன்’ என்னுமிடத்தும் வரும். ஆகவே ஆங்கிலத்தின் வழி வருவோர்க்கு ‘நேர்ச் செயப்படுபொருள்’, ‘நேரல் செயப்படுபொருள்’ என்று இரு பெயரிட்டு நீண்ட விளக்கம் கூறவேண்டியிருக்கிறது. தமிழ் மாணவர்க்கு அது வேண்டா. ‘லோ’ என்றால் அவனை அல்லது அதை. ‘லெ’ என்றால் அவனுக்கு. ஒன்று ‘ஐ’ உருபின் வேலை. மற்றொன்று ‘கு’ உருபின் வேலை. இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் அறிந்த பிள்ளைக்குப் பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும். (‘மெ’, ‘தெ’, ‘நோஸ்’ ஆகியவை மட்டும் இரு வேற்றுமைக்கும் பொதுவாய் நிற்கும். ஸ்பெயின் நாட்டில் ஆண்மகனைக் குறிக்கும்போது ‘லோ’ வரவேண்டிய இடத்தில் ‘லெ’ என்பாரும் உளர். அவ்வழக்கையும் அந்நாட்டு மொழிக்கழகம் ஏற்றுக்கொண்டுள்ளது.)

இனி, ஏவல். கொடு என்பதற்கு ஸ்பானியத்தில் ‘தா’ என்பர். இவ்வொலியொப்புமை தற்செயலானது, இதைக் கொண்டு எவரும் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கவேண்டா. ‘எனக்குத் தா’ என்பது ‘தாமெ’. ‘எனக்கு அதைத் தா’ என்பது ‘தாமெலோ’. வினை முன்னே நிற்க, பெறுபவரும் பொருளும் அதன் வாலாகி, மூன்றும் ஒரே சொல்லாய் எழுதப்படும். தமிழ்க் காதுக்கு இது தலைகீழாய்த் தோன்றும். இளைஞருக்கும் அப்படியே தோன்றிற்று. “அரபில் இதை எவ்வாறு சொல்வீர்கள்?” என்றேன். சற்று எண்ணி, “அஃதினீஹி” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. ‘அஃதி’ என்பது கொடு, ‘னீ’ எனக்கு, ‘ஹி’ அதை. வினை, பெறுபவர், பொருள் என்னும் அதே வரிசை, அதே ஒட்டு, அதே ஒற்றைச் சொல். நாள்தோறும் தொழுகையில் நாம் நேர்வழி வேண்டும் இடத்திலும் ‘எங்களை’ என்பது ஏவல் வடிவ வினையின் ஈற்றில் ஒட்டியே வருகிறது. பல்லாண்டுகளாக அவர் நாவில் பயின்றிருந்த அமைப்பை ஸ்பானியம் வேறோர் ஒலியில் அவர்முன் வைத்தது, அவ்வளவே.

ஈண்டுத் தமிழ் தனக்கே உரிய வேறொரு வழியை வகுத்துக்கொண்டுள்ளது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடத்திற்கே உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். அதன்படி ‘தா’ என ஒருவர் நம்மை நோக்கிச் சொன்னால், ‘எனக்கு’ என்பதைத் தனியே கூறாமலே அது விளங்கும். ஸ்பானியர் ‘மெ’ என்னும் வாலை ஒட்டிப் பெறும் பொருளைத் தமிழர் வினையின் வயிற்றிலேயே வைத்துவிட்டனர். இவ்வேறுபாடு பிற்கால வழக்கில் தளர்ந்துவிட்டது என்பது வேறு செய்தி.

அடுத்து, விலக்கு. ‘எனக்கு அதைத் தராதே’ என்பதற்கு ‘நோ மெ லோ தெஸ்’ என்பர். இங்கே குறுஞ்சொற்கள் வினையின் வாலைவிட்டு விலகி முன்னே வந்துவிடுகின்றன. தனித்தனிச் சொற்களாகவும் எழுதப்படுகின்றன. தலையில் நிற்கும் ‘நோ’ என்னும் மறைச்சொல்லை நீக்கிவிட்டுப் பாருங்கள்: மெ, எனக்கு, லோ, அதை, தெஸ், தருதல் என்னும் வினை. தமிழ் வாக்கியத்தின் நடை அப்படியே இருக்கிறது! அரபோ இங்கே வழிகாட்டாது. அம்மொழியில் ‘லா துஃதினீஹி’ என விலக்கிலும் அவை வாலாகவே தொங்கும். ஆகவே அரபை மட்டும் நம்பிச் செல்பவர் விலக்கில் தடுமாறுவார். தமிழை மட்டும் நம்பிச் செல்பவர் ஏவலில் தடுமாறுவார். இரண்டும் அறிந்தவருக்கு, ஏவலுக்கு அரபு நடை, விலக்குக்குத் தமிழ் நடை என்னும் ஒரே வாய்பாடு போதும். அன்று மாலை அவ்விளைஞர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது அவ்வொரு வரியைத்தான். அதைக் கொண்டே ‘தீமெலோ’ (எனக்கு அதைச் சொல்), ‘நோ மெ லோ தீகஸ்’ (எனக்கு அதைச் சொல்லாதே) என்பவற்றை அவர் தாமாகவே அமைத்துவிட்டார்.

இன்னொன்றையும் நோக்குக. ‘தா’ என்பதன் விலக்கு ‘நோ தா’ என அமையவில்லை. வினை ‘தெஸ்’ என வேறு வடிவம் கொள்கிறது. அரபிலும் விலக்கு அம்ரு வினையிலிருந்து பிறப்பதில்லை. முளாரிஃ வினை ஜஸ்மு பெற்று வருகிறது. தமிழிலும் ‘தா’ என்பதன் மறை ‘தராதே’ என்னும் தனி வடிவம். ஒன்றையொன்று அறியாது தோன்றிய மும்மொழிகளும், ‘செய்’ என்பதும் ‘செய்யாதே’ என்பதும் ஒரே அச்சில் வார்க்கத் தக்கன அல்ல எனக் கருதியது போலத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் மிகப் பல. சர்க்கரைக்கு ‘அசூகர்’, தலையணைக்கு ‘அல்மொஆதா’ என்பன அரபின் கொடை. ‘நடந்தால் நன்று’ எனும் ஏக்கத்தைச் சொல்லும் ‘ஒஹாலா’ என்னும் சொல், ‘இறைவன் நாடினால்’ எனப் பொருள்படும் அரபுத் தொடரின் வழிவந்தது. இவற்றைக் கண்டு பெருமிதம் கொள்ளலாம். ஆனால் ‘தாமெலோ’வும் ‘அஃதினீஹி’யும் ஒத்திருப்பதைக் காட்டி, ஸ்பானியர் இவ்வமைப்பையே அரபிடம் கடன் பெற்றனர் என மேடையில் முழங்குவது தகாது. முஸ்லிம் ஆட்சி நிலைபெறாத பிரெஞ்சு நாட்டு மொழியிலும் ஏவலில் பின்னும் விலக்கில் முன்னுமாக இக்குறுஞ்சொற்கள் நிற்கின்றன. இது இலத்தீன் குடும்பத்து மொழிகளின் சொந்தச் சொத்து. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கும் பெருமையையும் பிறர் ஐயுறுவர்.

அவ்வாறாயின் இடமாற்றத்துக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடோல்ஃப் தோப்ளர், அடோல்ஃப் முசாஃபியா என்னும் அறிஞர் இருவர் பழைய பிரெஞ்சையும் பழைய இத்தாலியத்தையும் ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டனர். அது பழைய ஸ்பானியத்துக்கும் பொருந்துவதாயிற்று. இக்குறுஞ்சொற்கள் வாக்கியத்தின் தலையில் நிற்க மாட்டா. தமக்கு முன்னே சாய்வதற்கு ஏதேனும் ஒரு சொல் வேண்டும் என்பதே அவ்விதி. தமிழ் மாணவர்க்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. ‘உம்’ என்னும் இடைச்சொல் வாக்கியத்தின் முதலில் நிற்குமா? ‘நானும்’, ‘வந்தும்’ என ஒன்றைச் சார்ந்தன்றோ நிற்கும்! அதுபோலவே, ஏவலில் வினையே முதலில் வருவதால் குறுஞ்சொல் அதன் பின்னே போய் ஒட்டிக்கொண்டது. விலக்கில் ‘நோ’ முன்னே நின்று தோள் கொடுப்பதால் அதைச் சார்ந்து முன்வந்தது. அக்காலத்தில் ‘அவனுக்குச் சொன்னான்’ என்னும் சாதாரணக் கூற்றும் வினையில் தொடங்கினால் ‘தீஷோலெ’ என வால் பெற்றே நின்றது. இன்றோ ‘லெ தீஹோ’ என முன்வந்துவிட்டது. பழஞ்சட்டம் நீங்கிய பின்னும் ஏவல் மட்டும் தன் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. பெரியோரை நோக்கி மரியாதையாகச் சொல்லும் ‘தீகமெலோ’ (எனக்கு அதைச் சொல்லுங்கள்) என்பதிலும் ஒட்டு அப்படியே இருக்கிறது. அங்கே வினைவடிவம் விலக்கில் வருவதை ஒத்தது. எனினும் ‘நோ’ இல்லாமையால் குறுஞ்சொல் பின்னே நிற்கிறது. எனவே இடத்தைத் தீர்மானிப்பது வினையின் வடிவம் அன்று என்பது தெளிவு.

இனி, நடந்துகொண்டிருக்கும் செயலைக் கூறும் வினை. இங்கேதான் தமிழ் மாணவர் மிகவும் நிமிர்ந்து உட்காரலாம். ‘எஸ்தோய் லெயேந்தோ’ என்றால் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’. ‘லெயேந்தோ’ என்பது படித்துக்கொண்டு. ‘எஸ்தோய்’ என்பது இருக்கிறேன். ‘எஸ்தோய் என் காசா’ என்றால் வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருப்பதற்கு எந்த ‘இருக்கிறேன்’ வருகிறதோ அதுவே படித்துக்கொண்டு இருப்பதற்கும் வருகிறது. ‘நான்’ என்று தனியே கூறவும் வேண்டா. இரு மொழியிலும் வினையீறே அதைச் சொல்லிவிடும். ‘அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘லோ எஸ்தோய் லெயேந்தோ’ என ‘லோ’வை முன்னே வைக்கலாம், ‘எஸ்தோய் லெயேந்தோலோ’ எனக் கடைசியில் ஒட்டவும் செய்யலாம். இரண்டும் சரி, பொருளும் ஒன்றே. பேச்சில் முன்னது பெரிதும் வழங்குகிறது. எழுத்தில் பின்னதும் மிகுதி.

நடுவில் மட்டும் வைக்கலாகாது. ‘எஸ்தோய் லோ லெயேந்தோ’ என்பது பிழை. ஏன் என்று இளைஞர் கேட்டார். “தமிழில் ‘படித்துக்கொண்டு அதை இருக்கிறேன்’ என்று சொல்வீர்களா?” என்றேன். சிரித்துவிட்டார். ‘அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என முன்னே வரும். பேச்சுவாக்கில் ‘படித்துக்கொண்டிருக்கிறேன், அதை’ எனப் பின்னேயும் வரும். இடையில் புக நம் செவியே இடங்கொடாது. குறுஞ்சொற்கள் இரண்டு சேர்ந்து வரினும் அவை பிரியா. ‘எனக்கு அதைத் தந்துகொண்டிருக்கிறான்’ என்பது ‘மெ லோ எஸ்தா தாந்தோ’ என்றாகும். அல்லது ‘எஸ்தா தாந்தோமெலோ’ என்றாகும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பங்கிடுவதில்லை. ‘அதைப் பார்க்க விரும்புகிறேன்’ போன்ற தொடர்களிலும் இவ்வுரிமை உண்டு, விரிவஞ்சி விடுகிறேன்.

ஒட்டுவதால் விளையும் மாற்றங்களைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நன்னூலே துணை நின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரம் மூன்று என்று நாம் படித்திருக்கிறோம். மூன்றும் ஸ்பானியத்தில் இருக்கின்றன. ‘லெயேந்தோ’ என்பதில் நடு அசையின்மீது எடுத்தல் ஓசை விழும். ‘லோ’ ஒட்டியபின் சொல் நீண்டாலும் ஓசை பழைய அசையிலேயே நிற்கவேண்டும். அதைக் காட்டுவதற்கு அவ்வுயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு புதிதாய் இடப்படும். இது தோன்றல். ‘அதைச் சொல்’ என எழுதும்போது நாம் இடும் ‘ச்’ போல, இரு சொல் உறவுகொண்டதற்கு எழுத்தில் வைத்த சான்று அது. அடுத்து, ‘பாமோஸ்’ (போவோம்) என்பதோடு ‘நோஸ்’ சேரும்போது ‘பாமொனோஸ்’ என்றாகி இடையிலுள்ள ‘ஸ்’ மறையும், இது கெடுதல். ‘அவனுக்கு அதைக் கொடு’ என்பதற்கு ‘தாலெலோ’ என வரவேண்டும். ஆனால் ‘லெ’யும் ‘லோ’வும் அடுத்தடுத்து வாரா. ‘லெ’ என்பது ‘ஸெ’ எனத் திரிந்து ‘தாஸெலோ’ என்றாகும். பழைய ஸ்பானியத்தில் அது ‘ஜெ’ என இருந்து, பின்னர் ‘ஸெ’ ஆயிற்று. இதனால் ஒரு தொல்லையும் உண்டு. அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு, தங்களுக்கு ஆகிய அனைத்துக்கும் ‘ஸெ’ ஒன்றே நிற்பதால், யாருக்கு என்பதைச் சில வேளைகளில் வேறு சொல் சேர்த்து விளக்கவேண்டியிருக்கும். இலக்கணம் பயின்ற மாணவர் இவற்றைப் புதியன என அஞ்சமாட்டார். பெயர் தெரிந்த பொருள்களைப் புதிய ஊரில் கண்டது போல்தான் இருக்கும்.

மூன்று திங்கள் மாலைதோறும் வந்தார். ஆங்கிலச் சொல் ஒன்றும் எங்களுக்கிடையே தேவைப்படவில்லை. ஆங்கிலத்தின்பால் எனக்குப் பகைமை ஏதும் இல்லை; அதுவே வாயில், மற்றவை சுவர் என்பதை மட்டுமே மறுக்கிறேன். பனாமாவுக்குச் சென்ற இரண்டாம் வாரத்தில் தொலைபேசியில் பேசினார். கடைக்கு வருவோர் பொருளைச் சுட்டி, ‘எனக்கு அதைக் காட்டுங்கள்’ என்று வாலொட்டிய சொல்லால் கேட்கிறார்களாம். வாங்க மனமின்றி நிற்பவரிடம் போய் நின்றால், ‘லோ எஸ்தோய் மிராந்தோ’ என்கிறார்களாம்; பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். நம்மூர் ஜவுளிக்கடையிலும் அதே விடைதானே என்று கூறி நகைத்தார்.

அவர் புறப்படுவதற்கு முன்னாள், தம் உம்மா திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியத்தை ஸ்பானியத்தில் எவ்வாறு கூறுவது என்று கேட்டிருந்தார். ‘என்னை மறந்துவிடாதே’ என்பது அவ்வாக்கியம். “விலக்குத்தானே, தமிழ் நடையில் போடுங்கள்” என்றேன். ‘நோ மெ ஒல்பீதெஸ்’ என்று அவரே சொன்னார். நீலநிறச் சிறு பூ ஒன்றுக்கு ஸ்பானியர் இத்தொடரையே பெயராக இட்டிருக்கின்றனர். அப்போது மட்டும் மூன்று சொல்லையும் இடைவெளியின்றி ஒன்றாக எழுதுவர். அப்பூவை இன்னும் நேரில் கண்டதில்லை என்றும், பெயரைக் கடைக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் தமிழெழுத்தில் எழுதிவைத்திருப்பதாகவும் அவர் தொலைபேசியில் கூறினார்.